தண்ணியில்லாக் காட்டுக்காரி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" அப்படின்னு யாராவது மிரட்டுறதைக் கேட்டா உங்களுக்கு ஏதாவது சினிமா மந்திரி ஞாபகம் வரலாம். எனக்கு எங்க வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். அந்தக் காடு எங்க ஊர்தான் மக்களே. ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் தாலுகா, நாளைக்கு நாலு தடவை பஸ் வர்ற ஒரு கிராமம். எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியார்கள்ல பாதிப் பேர் பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே மாறுதல் மனு எழுதினவங்க. ஒருத்தர் கரும்பலகையில தேதிக்குப் பக்கத்துல தினமும் ஒரு எண் எழுதுவார். அவர் மாறுதலுக்கு இன்னும் எத்தனை நாள்ங்கிற கணக்கு அது. நாங்க அதையும் பாடம்னு நினைச்சு நோட்டுல எழுதி வச்சிருக்கோம் :-)

இந்தப் பதிவு ரொம்ப நாளா பாதியில கிடந்தது. இப்போ முடிக்கக் காரணம் அண்ணன். போன மாசம் திருப்பூர்லேர்ந்து போன் பண்ணி, "உன் பங்குக்கு எனக்கு ஒரு பவர் எழுதிக் குடு பாப்பா, அந்த நிலத்தைக் குடுத்துரலாம்"னான். அந்த விஷயத்துக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு என் மாவட்டத்தைக் கொஞ்சம் சுத்திக் காட்டணும். இல்லேன்னா ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்டுக்கு இவ ஏன் இவ்வளவு புலம்புறான்னு தோணும்.

நான் பலெர்மோவுக்கு வந்து இறங்கினது 2024 செப்டம்பர். விவசாயம் சம்பந்தமான முதுகலை. சிசிலித் தீவு, சுத்திலும் கடல், தெருவெல்லாம் நீரூற்றுச் சிலைகள், "அப்பாடா, தண்ணிப் பிரச்சினை இல்லாத ஊருக்கு வந்துட்டோம்"னு நினைச்சேன். வந்து ஒரு மாசம்கூட ஆகலை. அந்த வருஷம் சிசிலியில கடுமையான வறட்சி. நகரத்துக்குத் தண்ணி குடுக்கிற நீர்த்தேக்கங்கள் அடிமட்டத்துக்குப் போய், அக்டோபர்ல முறை வச்சுத் தண்ணி விட ஆரம்பிச்சிட்டாங்க. எங்க பகுதிக்கு வாரத்துல ஒரு நாள் குழாய்ல தண்ணி கிடையாது.

என்கூட வீட்டுல இருக்கிறவங்க ரெண்டு பேர். ஒருத்தி வடக்கு இத்தாலி, ஒருத்தி இந்தத் தீவுக்காரி. வடக்கத்திப் பொண்ணு அறிவிப்பைப் பார்த்துட்டு அழாத குறை. நான் நேரா கடைக்குப் போய் மூடி போட்ட வாளி மூணு வாங்கினேன். குடிக்க ஒண்ணு, சமைக்க ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு. அரிசி கழுவின தண்ணி பாத்திரத்துக்கு, பாத்திரம் அலசின தண்ணி கழிப்பறைக்கு. முதல் வாரம் முடிஞ்சப்போ அந்த வீட்டுக்கு நான்தான் பொதுப்பணித்துறை. "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"ன்னு கேட்டாங்க. எங்க மாநிலத்துல தப்பு பண்ற அதிகாரியை எங்க மாவட்டத்துக்கு அனுப்புறதுதான் தண்டனை, நான் அங்கேயே பொறந்தவன்னு சொன்னேன். தீவுக்காரி சிரிக்கலை. "எங்களுக்கும் அது தெரியும்"னா. முசோலினி காலத்துல ஆகாதவங்களை நாடு கடத்துறதுக்குப் பதிலா தெற்குப் பக்கத்துக் குக்கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் அனுப்பிருவாங்களாம். பலெர்மோ துறைமுகத்துலேர்ந்து கப்பல் போற உஸ்திகா தீவுல கிராம்சியை 1926 டிசம்பர்ல கொண்டு வந்து வச்சிருந்தாங்க. அவர் அங்க இருந்தது சில வாரம்தான். ஆனா அந்தத் தீவுல பொறந்தவங்க அங்கேயேதான் இருந்தாங்க, அவங்க என்ன தப்பு பண்ணினாங்கன்னு அவ கேட்டா. நான் இருபது வருஷமா கேட்க நினைச்ச கேள்வி அது. சுத்தமான இத்தாலியன்ல வந்து விழுந்துச்சு.

சரி, மாவட்டத்துக்கு வருவோம். 1910ல மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள்லேர்ந்து துண்டு எடுத்து உருவாக்கின மாவட்டம் இது. ரொம்பப் பெருசா இருந்துச்சு. 1985ல மூணாப் பிரிச்சு சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் தனியாப் போக, மிச்சம்தான் இன்னைய ராமநாதபுரம். சுமார் 4,100 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்புல 13 லட்சத்து 53 ஆயிரம் சொச்சம் ஜனம். கடற்கரை மட்டும் சுமார் 237 கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டுக் கடற்கரையில ஐந்துல ஒரு பங்குக்கு மேல. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவுல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு பாம்பன் தீவு.

நீங்க ராமநாதபுரம்னு பார்த்திருக்கிறது பெரும்பாலும் அந்த மூக்கைத்தான். ராமேஸ்வரம், இருபத்திரெண்டு தீர்த்தம், 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடி, 1914லேர்ந்து நின்ன பழைய பாம்பன் ரயில் பாலம், 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம், அப்துல் கலாம் வீடு. எல்லாம் சரிதான், எல்லாரும் எழுதிட்டாங்க. கார்ல பரமக்குடி தாண்டினதும் கண்ணாடியை ஏத்திவிட்டுத் தூங்கி, பாம்பன் பாலத்துல முழிச்சுக்கிறது வழக்கம். நான் சொல்லப்போறது நீங்க தூங்கின அந்தத் தூரத்தைப் பத்தி.

அங்க மலை கிடையாது, காடு கிடையாது. வடமேற்குலேர்ந்து கடலைப் பார்த்து லேசாச் சரியுற ஒரு சமதளம். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல், கடலோரம் மணல். தோண்டினா தண்ணி வரும், ஆனா பெரும்பாலான இடத்துல உப்புத் தண்ணி. இதுதான் முக்கியம், மறந்துராதீங்க. வேற மாவட்டத்துக்காரன் ஆறு வத்தினா போர் போடுவான். எங்களுக்கு அந்த வழி கிடையாது. வானத்துலேர்ந்து விழுறதைத் தரையிலேயே பிடிச்சாத்தான் உண்டு.

விழுறது கொஞ்சம்னு நினைக்காதீங்க. வருஷத்துக்குச் சராசரியா 800 மில்லிமீட்டரைச் சுத்தி மழை. லண்டனுக்கே 600 சொச்சம்தான். பலெர்மோவுக்கும் எங்களைவிடக் குறைவுதான். இதை வகுப்புல ஒரு தடவை சொன்னப்போ பேராசிரியர் என் எண்களை நம்பாம திரும்பக் கேட்டார். விஷயம் என்னன்னா, லண்டன்ல அது வருஷம் பூரா தூறும். எங்களுக்குப் பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகையில, அதுவும் சில நாள்ல கொட்டித் தீர்த்துரும். நாலு நாள் வெள்ளம், மிச்ச நாள் வெயில். ஆக எங்க ஊர்ல தண்ணி இல்லைங்கிறது பொய். தண்ணி நிக்கிறதில்லைங்கிறதுதான் உண்மை. நிக்க வைக்கத் தெரிஞ்சவங்க ஒரு காலத்துல இருந்தாங்க.

அவங்க கட்டினதுதான் கண்மாய். எங்க பேச்சுல கம்மா. மாவட்டத்துல இன்னைக்கும் கணக்குல இருக்கிறது ஆயிரத்து எழுநூறுக்கு மேல. தனித்தனிக் குளம்னு நினைக்காதீங்க, சங்கிலி. மேட்டுல இருக்கிற கண்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி கலுங்கு வழியா வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைஞ்சா அதுக்கடுத்தது, கடைசியில கடல். மலையே இல்லாத தரையில, சும்மா ஒரு கரையை வளைச்சுப் போட்டு, சரிவை மட்டும் நம்பிச் செஞ்ச வேலை. ராஜசிங்கமங்கலம் கண்மாயை ராஜசிம்ம பாண்டியன் வெட்டினதாச் சொல்லுவாங்க. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை"ன்னு அதுக்குப் பேரு. ஒரு நாரையால ஒரே மூச்சுல பறந்து கடக்க முடியாதாம். வைகையே நேராக் கடலுக்குப் போறதில்லை. வருஷநாட்டு மலையில பொறந்து, மதுரையில கள்ளழகரை இறக்கிவிட்டுட்டு, எங்க ராமநாதபுரம் பெரிய கண்மாயில வந்து படுத்துக்கும். நிறைஞ்சு வழியுற வருஷம் மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் கடலை எட்டிப் பார்க்கும்.

எங்க கண்மாய்க்கு மூணு மடை. அதைத் திறக்கிறவர் நீர்பாய்ச்சி. எங்க ஊர் நீர்பாய்ச்சித் தாத்தாவை நான் பார்த்திருக்கேன். மழைக்காலத்துல மடைக்குள்ள முங்கி, அடைப்பைக் கையால தடவி எடுத்துட்டு, மூச்சு வாங்க மேல வருவார். கரையில நிக்கிற நாங்க எண்ணிக்கிட்டே இருப்போம். தண்ணி குறைஞ்ச வருஷம் முறைப்பாய்ச்சல். யார் வயலுக்கு எத்தனை நாழிகைங்கிறது அவர் கணக்கு. அப்பாவே ஆனாலும் மம்மட்டியை எடுத்துக்கிட்டு வாய்க்காலைத் தொடக்கூடாது. கூலி பணமாக் கிடையாது, அறுவடைக்கு ஏக்கருக்கு இத்தனை கட்டுக் கதிர்னு.

இப்படிச் சொன்னா அழகா இருக்கு இல்ல? எனக்கும் கொஞ்ச காலம் அழகாத்தான் இருந்துச்சு. பாதியை விட்டுட்டேன். அந்தத் தாத்தாவுக்கு ஆயக்கட்டுல ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர் வீடு ஊருக்குக் கிழக்கே, தனியா. ஊர்க்கூட்டத்துல தண்ணி முறை பேசும்போது எல்லாரும் உட்கார்ந்திருப்பாங்க, அவர் மட்டும் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பார். கணக்கு அவர்கிட்ட, இருக்கை எங்க அப்பாகிட்ட. 1957ல பரமக்குடியில இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டது, முதுகுளத்தூர்க் கலவரம், 2011ல பரமக்குடி துப்பாக்கிச் சூடு, செப்டம்பர் அக்டோபர் வந்தாலே 144 – இதெல்லாம் எங்க மாவட்டத்தோட வேற ஒரு கதைன்னு பலரும் நினைக்கிறாங்க. எனக்கு அது அந்தக் கூட்டத்துல யார் உட்கார்ந்தா, யார் நின்னாங்கிறதோட ஒட்டியே இருக்கு. இங்க நூலகத்துல டேவிட் மோஸ்னு ஒரு மானுடவியலாளர் 2003ல எழுதின "தி ரூல் ஆஃப் வாட்டர்" புத்தகம் கிடைச்சுச்சு. எங்க பக்கத்துக் கண்மாய்களைப் பத்தித்தான் முழுப் புத்தகமும். தண்ணியைப் பங்கு போடுறதும் அதிகாரத்தைப் பங்கு போடுறதும் ஒரே வேலைன்னு காட்டுறார். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, ஒரு வெள்ளைக்காரர் எழுதினதைப் படிச்சு, நம்ம ஊர்த் தாத்தா ஏன் நின்னாருன்னு புரிஞ்சுக்கிறது கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

அவர் போனதுக்கப்புறம் அந்த வேலைக்கு யாரும் வரலை. அவர் பேரன் சென்னையில ஓட்டுநர். வராததுதான் நியாயம். ஆனா மடை?

கண்மாய் எப்படிப் போச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்லுவாங்க. சேதுபதி காலத்துலேயும் ஜமீன் காலத்துலேயும் குடிமராமத்துன்னு ஊரே சேர்ந்து வெட்டும். கோடையில கண்மாய்க் கரம்பையை வண்டியில அள்ளி வயல்ல கொட்டுவாங்க, வயலுக்கு உரம் ஆச்சு, கண்மாய்க்கு ஆழம் ஆச்சு. 1948 சட்டத்துல ஜமீன் போச்சு, போனது நல்லதுதான், ஆனா கண்மாய் அரசாங்கத்துக்குப் போனதும் ஊர்க்காரங்க கையைக் கட்டிக்கிட்டாங்க. 1959ல வைகை அணை. கணக்குப்படி அணைத் தண்ணியில ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. படிக்கும்போது நாங்கதான் பணக்காரங்க மாதிரித் தெரியும். ஆனா வரிசையில கடைசியா நிக்கிறவனுக்கு எத்தனை பங்கு எழுதி வச்சா என்ன, பாத்திரம் அவன்கிட்ட வரணுமே. 2017ல அரசாங்கம் குடிமராமத்துங்கிற பேரை மறுபடி எடுத்து நிதி ஒதுக்குச்சு. சில ஊர்ல நல்லாவே வேலை நடந்துச்சு. எங்க ஊர்ல கரையை மட்டும் பலப்படுத்திட்டு, வரத்துக்காலை விட்டுட்டாங்க. கதவைப் புதுசாப் போட்டுட்டு வீட்டுக்கு வழி விடாத மாதிரி.

வரத்துக்கால்ல இருக்கிறது சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டு கடைசியில வெள்ளைக்காரன் காலத்துல தென்னிந்தியாவுக்குள்ள வந்த செடி, எங்க மாவட்டத்தைப் பார்த்ததும் "இதுதான் என் ஊர்"னு உட்கார்ந்துருச்சு. 2017ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவெல்லாம் போட்டுச்சு. நானும் பள்ளிக்கூடத்துல கருவேல ஒழிப்புக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கேன். பரிசோட வீட்டுக்கு வந்தா அப்பத்தா கேட்டுச்சு: "அதை வெட்டிப்புட்டா அடுப்புக்கு எங்க போவ? உங்கப்பன் பீஸ் கட்டினது எதுலன்னு நினைச்ச?" மழை பொய்ச்ச வருஷமெல்லாம் எங்க ஊர் சாப்பிட்டது கரிமூட்டத்துலதான். கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண்ணால மூடி, நாள்கணக்கா உள்ளுக்குள்ள புகைய விட்டு, கரியாக்கி, லாரியில ஏத்துவாங்க. கண்மாயைக் கொன்னதும் அந்த மரம்தான், கண்மாய் செத்தப்போ சோறு போட்டதும் அந்த மரம்தான். இதைக் கட்டுரையில எந்தத் தலைப்புக்குக் கீழ எழுதுறது?

அப்புறம் மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய், குண்டா, உருண்டையா, தோல் தடிச்சு இருக்கும். 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. மாசி, பங்குனியில எங்க பக்கம் வந்தா களம் பூராச் சிவப்பு விரிச்சிருக்கும். மூணு நாள் தும்மாம இருந்தீங்கன்னா நீங்க உள்ளூர். இங்க சிசிலிக்காரங்க தக்காளியை அரைச்சுப் பலகையில வெயில்ல காய வைக்கிறதைப் பார்த்தப்போ எனக்கு மூக்கு தானா அரிச்சுச்சு.

கடலோரம் வேற உலகம். கீழக்கரை மரைக்காயர்கள் நூற்றாண்டுக் கணக்காக் கப்பல் ஓட்டினவங்க. சாயல்குடிப் பக்கம் பனை ஏறுறவங்க. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல பெண்கள் கடலுக்குள்ள முங்கிப் பாசி எடுக்கிறாங்க. வளைகுடாவுல இருக்கிற 21 தீவுகளைச் சுத்தி 1986ல தேசியப் பூங்கா அறிவிச்சதுலேர்ந்து அவங்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. 2015ல அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு சீகாலஜிங்கிற சர்வதேசப் பரிசு கிடைச்சுச்சு. துணியைச் சுத்தின விரலோட பாறையைப் பிடிச்சுக்கிட்டு முங்குற வேலை. எங்க நீர்பாய்ச்சித் தாத்தா மாதிரியே. என் மாவட்டத்துல தண்ணிக்குள்ள முங்குறவங்களுக்கும் அதோட பலனுக்கும் என்னவோ ஒட்டுறதே இல்லை.

கடலைச் சொன்னதும் இங்க பல்லாரோ சந்தையில கடை வச்சிருக்கிற அண்ணன் ஞாபகம் வருது. பலெர்மோவுல யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கறிவேப்பிலை தேடிப் போன முதல் நாளே பிடிச்சிட்டார்.

"பிள்ளை இந்தியாவோ? எவடம்?"

"ராமநாதபுரம் அண்ணே."

"மண்டபமோ!"

எனக்குத் தெரிஞ்சு என் மாவட்டத்துப் பேரைக் கேட்டதும் தண்ணியைப் பத்திப் பேசாத முதல் ஆள். அவர் தொண்ணூறுல வள்ளத்துல வந்து இறங்கி, மண்டபம் முகாம்ல எட்டு மாசம் இருந்தவராம். அந்த முகாமே ஒரு கதை. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஜனங்களை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, நோய் இருக்கான்னு பார்க்க நிறுத்தி வச்ச இடம் அது. போறவங்களை நிறுத்தின அதே இடத்துல, 1983க்கு அப்புறம் வர்றவங்களை நிறுத்தினாங்க. "தண்ணிக்கு வரிசையிலை நிண்டது மறக்கேலாது பிள்ளை"ன்னார். அப்போ என் முகம் விழுந்திருக்கணும், சட்டுனு, "ஆனா ஒரு மனுசி ஒவ்வொரு நாளும் பனங்கட்டி கொண்டு வந்து தருவா, காசு வாங்க மாட்டா. உங்கட ஆக்கள்தான்"னு சேர்த்தார். பனங்கட்டின்னா நம்ம கருப்பட்டி. அந்த மனுசி யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா அவங்க வீட்டுலேயும் அன்னைக்குக் குடிக்கத் தண்ணி எண்ணித்தான் இருந்திருக்கும். அண்ணன் சைவக்காரர். மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு மோந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுட்டு வருவார். 1624 கொள்ளைநோயிலேர்ந்து ஊரைக் காப்பாத்தினவங்கன்னு பலெர்மோக்காரங்க நம்புற புனிதை. "என்னண்ணே, மாதாவா அம்மனா?"ன்னு கேட்டா, "மலைமேலை இருக்கிற பொம்பிளை, எல்லாம் ஒண்டுதான்"ங்கிறார். ஏர்வாடி தர்காவுக்கும் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கும் நேர்ந்துக்கிட்டுப் போற எங்க அப்பத்தாவுக்கு இவரை ரொம்பப் பிடிச்சிருக்கும்.

இந்த மார்ச்ல வகுப்போட மாரேதோல்ச்சேன்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பலெர்மோவோட தென்கிழக்கு ஓரம், பிரான்காச்சோ பகுதி, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவுல ஒரு பழைய அரண்மனை. பேருக்கு அர்த்தம் இனிப்புக் கடல், அதாவது நன்னீர்க் கடல். 12ஆம் நூற்றாண்டுல நார்மன் ராஜா ரொஜேரோ காலத்துல, கிரீபோனே மலையடி ஊத்துத் தண்ணியை ஒரு கரை கட்டி நிறுத்தி ஏரி ஆக்கினாங்க. நடுவுல தீவு, மூணு பக்கம் தண்ணி சூழ அரண்மனை. வேலையெல்லாம் அரபு ஆட்கள் வழியா வந்த நுட்பம். இன்னைக்கும் சிசிலிக் கிராமத்துல தண்ணித் தொட்டிக்கு "ஜெபியா"ன்னுதான் பேரு, அரபுச் சொல். பின்னால ஊத்து போச்சு, ஏரி வத்துச்சு, ஏரித் தரையில ஆரஞ்சுத் தோட்டம் வந்துச்சு, 20ஆம் நூற்றாண்டுல அரண்மனைச் சுவரோட ஒட்டி வீடு கட்டிட்டாங்க. இப்போ மீட்டு எடுத்திருக்காங்க. 2015ல தோட்டங்களுக்கான கார்லோ ஸ்கார்பா பரிசு இந்த இடத்துக்குத்தான் கிடைச்சுது.

எல்லாரும் அரண்மனையைப் போட்டோ எடுத்தாங்க. நான் கரையில நின்னேன். கல்லு வேற, மரம் வேற, ஆனா அது கண்மாய்க் கரைதான். உள்வாய் எது, தண்ணி எந்தப் பக்கம் நின்னிருக்கும்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சுச்சு. பேராசிரியர் "இங்கே தண்ணீர் வெளியேறும் வழி எங்கே இருந்திருக்கும்?"னு கேட்டப்போ நான் கையைக் காட்டின இடம் சரியா இருந்துச்சு. எப்படித் தெரியும்னார். "எங்க ஊர்ல இருக்கு"ன்னேன். "இன்னும் பயன்பாட்டிலா?"ன்னு கேட்டார். அதுக்கு நான் தலையை ஆட்டினது ஆமாவா இல்லையான்னு எனக்கே தெரியலை. நம்ம ஊர்க் கண்மாய்லேயும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ரெண்டையும் 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்னு. தண்ணியில்லாக் காட்டுல உலக ஈரநிலம். பறவைக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்போ அண்ணன் விஷயம். அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கண்மாய்க்குக் கீழ ரெண்டாவது மடைப் பாசனத்துல ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். அம்மா, அண்ணன், நான், மூணு பேரும் வாரிசு. ஒரு புரோக்கர் வந்து அந்தப் பக்கம் மொத்தமா நிலம் கேட்கிறாராம், சூரிய மின்சாரத்துக்கு. 2016ல கமுதிப் பக்கம் சுமார் 2,500 ஏக்கர்ல 648 மெகாவாட் நிலையம் வந்ததுலேர்ந்து எங்க ஜனங்களுக்கு ஒண்ணு புரிஞ்சு போச்சு, மழை வராட்டியும் வெயில் வரும். அண்ணன் மேல எனக்குக் கோபம் இல்லை. எட்டு வருஷமா பனியன் கம்பெனியில பன்னிரெண்டு மணி நேரம் நிக்கிறான். நான் இங்க வர்றதுக்கு விமான டிக்கெட் போட்டது அவன் சீட்டுப் பணம். "மூணு வருஷமா விதைச்சது வீட்டுக்கு வரலை பாப்பா. நீ அங்க உட்கார்ந்துக்கிட்டு கண்மாயைப் பத்தி எழுதலாம். கரைக்காவல் நானா போறது?"ன்னான். பதில் இல்லை. நீர்பாய்ச்சித் தாத்தா பேரன் வரமாட்டான்னா நியாயம்னு எழுதினேனே, எங்க அண்ணனுக்கும் அதே நியாயம்தானே.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. நாலு குடத்தை வச்சுத் தள்ளுவண்டி தள்ளிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் போய், கண்மாய்க்குள்ள தோண்டின ஊத்துல சிரட்டையால மோந்து தண்ணி எடுத்தவ நான். அண்ணன் இல்லை, அப்பா இல்லை. எங்க ஊர்ல அந்த வண்டியை ஆம்பளைங்க தள்ளி நான் பார்த்ததே இல்லை. ஆயக்கட்டுல வயல் எல்லாம் போயிட்டா கண்மாய் வெட்டுங்கன்னு கேட்க ஆள் இருக்காது. கண்மாய் நிக்கலேன்னா ஊத்து கிடையாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருதுதான், வர்ற அன்னைக்கு. வராத அன்னைக்கு அம்மா இன்னும் வண்டியை எடுக்கிறாங்க. புரோக்கர் கணக்குல இந்த ஊத்து எந்தக் கட்டத்துல வருதுன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். "நீ படிச்சவ, நீயே சொல்லு"ன்னுட்டான்.

தூதரகத்துல சான்றொப்பம் வாங்க வேண்டிய அந்தத் தாள் மேஜை மேலதான் இருக்கு. அது மேல வடக்கத்திப் பொண்ணு காபிக் கோப்பையை வச்சு ஒரு வட்டம் வேற போட்டுட்டா.

நேத்து அம்மா போன் பண்ணினாங்க. பக்கத்து வயல்காரர் புழுதி விதைப்புக்கு டிராக்டர் சொல்லியிருக்காராம். நம்ம வயலையும் சேர்த்து உழுதுரட்டுமா, விதை அவர்கிட்டேயே இருக்கு, விளைஞ்சா பாதிங்கிறாராம். மழைக்கு முன்னாடி காஞ்ச மண்ணுல நெல்லைப் போட்டுட்டு வானத்தைப் பார்க்கிறதுதான் புழுதி விதைப்பு, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"ன்னேன்.

"அவன் வேணாம்னு சொல்லுவான். அதான் உன்கிட்ட கேக்குறேன்."

உழச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். அண்ணனுக்கு இன்னும் போன் பண்ணலை.